நடுவில் நிற்பவர் யார்?

(இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டார ஆசிரியர்களுக்கான கணினிப் பயிற்சி ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ப்ராக்சி என்ற சொல் நமக்குப் புதிதல்ல. கல்லூரியில் படிக்கும்போது வராத நண்பனுக்காக 'உள்ளேன் ஐயா' சொன்னவர்கள் இந்த அறையிலும் இருப்பீர்கள். ஒருவருக்குப் பதிலாக இன்னொருவர் நிற்பது, அவ்வளவுதான். இணையத்தில் உங்கள் கைபேசிக்குப் பதிலாக இன்னொரு கணினி நின்று வேலையை முடித்துத் தருமானால் அதற்குப் பெயர் ப்ராக்சி சர்வர். தமிழில் பதிலாள் வழங்கி என்று சொல்லலாம்.

இன்றைக்கு இதைப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் கைபேசியில் இலவச விபிஎன் செயலி ஒன்றைப் போட்டுக்கொண்டு, "இதைப் போட்டா நாம யாருன்னே தெரியாது சார்" என்று சொல்வதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். 2020 ஜூன் மாதம் டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளும், அதே ஆண்டு செப்டம்பரில் பப்ஜியும் தடை செய்யப்பட்ட பிறகு இந்தப் பேச்சு மாணவர்களிடையே அதிகமாயிற்று. 'அது ஆபத்து, போடாதே' என்று சொல்லிவிடலாம். 'ஏன் ஆபத்து?' என்று அவன் திருப்பிக் கேட்டால் பதில் வேண்டுமே. அந்தப் பதிலைத் தெரிந்துகொள்வதற்கு மிக நேரான வழி, நாமே ஒரு ப்ராக்சி சர்வரை அமைத்துப் பார்ப்பதுதான். நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. திரையில் பொத்தான்களை அழுத்தியே அமைக்கும் கருவி இருக்கிறது.

பால்கோவா வாங்கப் போன ஆள்

முதலில் அடிப்படையை நம் ஊர்க் கணக்கிலேயே பார்ப்போம். நீங்கள் இராஜபாளையத்தில் இருக்கிறீர்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்க் கடை ஒன்றில் பால்கோவா வாங்க வேண்டும். நீங்களே பஸ் ஏறிப் போனால் கடைக்காரர் உங்கள் முகத்தைப் பார்க்கிறார். வழியில் பார்த்தவர்களுக்கும் நீங்கள் எங்கே போனீர்கள் என்று தெரியும். இணையத்தில் நேரடியாக ஒரு தளத்தைத் திறப்பது இப்படித்தான். அந்தத் தளம் உங்கள் ஐபி முகவரியைப் பார்க்கிறது. உங்களுக்கு இணைப்புத் தரும் நிறுவனத்துக்கு நீங்கள் எந்தத் தளத்துக்குப் போனீர்கள் என்று தெரிகிறது.

இப்போது நீங்கள் போகாமல் தெரிந்தவர் ஒருவரிடம் சீட்டு எழுதிக் கொடுத்தனுப்புகிறீர்கள். கடைக்காரர் பார்ப்பது அவர் முகத்தை மட்டும்தான். நீங்கள் யாரென்று அவருக்குத் தெரியாது. ஆனால் சீட்டைக் கொண்டுபோனவருக்கு நீங்கள் யார், எந்தக் கடை, எத்தனை கிலோ என்ற மூன்றும் தெரியும்.

சீட்டை உறையிலிட்டு ஒட்டிக் கொடுத்தால் எந்தக் கடை என்பது மட்டும் தெரியும், எத்தனை கிலோ என்பது தெரியாது. அந்த உறைதான் எச்டிடிபிஎஸ். உலாவியின் முகவரிப் பட்டையில் இந்த எழுத்துகளை நாம் தினமும் பார்க்கிறோம். வங்கித் தளம், மின்னஞ்சல், எமிஸ் என்று இன்றைய முக்கியத் தளங்கள் எல்லாமே உறையிலிட்டுத்தான் அனுப்புகின்றன.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஆள் வைத்து அனுப்பியதால் இரகசியம் பெருகிவிடவில்லை. முன்பு பஸ்ஸில் இருந்தவர்களுக்குத் தெரிந்தது இப்போது அந்த ஓர் ஆளுக்குத் தெரிகிறது. நம்பிக்கை இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். ஆகவே எந்த ப்ராக்சியையும் எந்த விபிஎன்னையும் பார்த்துக் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. நடுவில் நிற்பவர் யார்? அவருக்கு என்னென்ன தெரியும்? அவருக்குக் கூலி கொடுப்பது யார்?

கூலி கொடுப்பது யார்?

மூன்றாவது கேள்விதான் மாணவர்களுக்குச் சட்டென்று உறைக்கும். ஒரு சர்வரை நடத்துவதற்கு மாத வாடகை உண்டு, மின்சாரம் உண்டு, ஆட்கள் உண்டு. கோடிக்கணக்கானவர்களுக்கு இலவசமாகக் கொடுப்பவர் அந்தச் செலவை எங்கே எடுக்கிறார்?

ஓனாவோ என்ற நிறுவனத்தை 2013இல் ஃபேஸ்புக் வாங்கியது. அதன் விபிஎன் செயலி 'உங்கள் தரவைப் பாதுகாக்கும்' என்று விளம்பரம் செய்யப்பட்டது. ஆனால் அதன் வழியே போன தகவல், மக்கள் வேறு எந்தெந்தச் செயலிகளை எவ்வளவு நேரம் பயன்படுத்துகிறார்கள் என்று ஃபேஸ்புக் தெரிந்துகொள்ளப் பயன்பட்டது. 2018இல் ஆப்பிள் தன் செயலிக் கடையிலிருந்து அது விலக வேண்டியதாயிற்று. மறு ஆண்டு அந்தச் சேவையே மூடப்பட்டது. விளம்பரம் மக்களைத் தவறாக வழிநடத்தியது என்ற வழக்கில், 2023 ஜூலையில் ஆஸ்திரேலிய நீதிமன்றம் மெட்டாவின் இரு துணை நிறுவனங்களுக்கு மொத்தம் 2 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது.

ஹோலா என்ற இலவசச் சேவை வேறு வழியில் கூலி வாங்கியது. அதைப் பயன்படுத்தியவர்களின் கணினிகளையே மற்றவர்களுக்கான ப்ராக்சியாக ஆக்கி, அந்த இணைப்பை வேறொரு பெயரில் விற்றது. 2015இல் இது வெளிச்சத்துக்கு வந்தது. முன்பின் தெரியாத ஒருவர் செய்த காரியம் உங்கள் வீட்டு முகவரியிலிருந்து போனதாகப் பதிவாகும். எண்ணிப் பாருங்கள்.

2016இல் ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ ஆய்வாளர்களும் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து 283 ஆண்ட்ராய்டு விபிஎன் செயலிகளைச் சோதித்தார்கள். 38 விழுக்காட்டுச் செயலிகளில் தீநிரலின் அடையாளம் இருந்தது. 18 விழுக்காடு தகவலைக் குறியாக்கமே செய்யவில்லை, அதாவது உறையே இல்லை. 75 விழுக்காட்டில் பயனரைப் பின்தொடரும் நிரல் துண்டுகள் இருந்தன.

ஆசிரியரின் கைபேசி என்பது ஒரு வகுப்பின் கைபேசி. அதில் நாற்பது குழந்தைகளின் பெயர், பிறந்த தேதி, பெற்றோர் எண், சில சமயம் ஆதார் நகல், உதவித்தொகைக்கான வங்கிக் கணக்கு விவரம் எல்லாம் இருக்கின்றன. 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாத எல்லோரையும் குழந்தை என்றே கொள்கிறது. அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. அந்தத் தரவை முகம் தெரியாத தூதுவர் ஒருவர் கையில் கொடுப்பதற்கு முன் நாம் யோசிக்கத்தான் வேண்டும்.

நாமே அமைப்போம்

நான் பரிந்துரைக்கும் கருவியின் பெயர் அவுட்லைன். கூகுள் குழுமத்தைச் சேர்ந்த ஜிக்சா என்ற பிரிவு 2018 மார்ச்சில் வெளியிட்டது. மூல நிரல் திறந்திருப்பதால் எவரும் படித்துச் சோதிக்கலாம். உள்ளே ஓடுவது ஷேடோசாக்ஸ் என்ற ப்ராக்சி நெறிமுறை. அது 2012இல் சீனாவில் ஒரு நிரலாளரால் எழுதப்பட்டது.

அவுட்லைனுக்கு இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று மேலாளர். இதை உங்கள் மேசைக் கணினியிலோ மடிக்கணினியிலோ நிறுவ வேண்டும். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். இன்னொன்று பயனர் செயலி. இதைக் கைபேசியில் போட்டுக்கொள்ள வேண்டும். இரண்டுக்கும் நடுவில், ஏதோ ஒரு தரவு மையத்தில், நீங்கள் வாடகைக்கு எடுத்த சிறிய சர்வர் இருக்கும். மேலாளர் அந்தச் சர்வரைக் கட்டுப்படுத்தும் ரிமோட் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படிகளை வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் படி, மேலாளரை அதன் அதிகாரப்பூர்வ தளத்திலிருந்து மட்டும் இறக்கி நிறுவுங்கள். வாட்ஸ்அப் குழுவில் வரும் கோப்பிலிருந்து நிறுவக் கூடாது. பாதுகாப்புக்காகப் போடும் மென்பொருளையே கள்ளச் சரக்காக வாங்கினால் என்ன பயன்?

இரண்டாம் படி, சர்வரை வாடகைக்கு எடுப்பது. மேலாளரைத் திறந்தவுடன் டிஜிட்டல் ஓஷன், கூகுள் கிளவுட், அமேசான் லைட்செயில் போன்ற நிறுவனங்களும், 'வேறு எங்கும்' என்ற வழியும் தெரியும். டிஜிட்டல் ஓஷனில் கணக்கு இருந்தால் உள்நுழைந்து, அனுமதி கொடுத்து, ஊரைத் தேர்ந்தெடுத்தால் போதும், மற்றதை மேலாளரே செய்துகொள்ளும். சில நிமிடங்களில் சர்வர் தயாராகிவிடும். மிகச் சிறிய சர்வரே நமக்குப் போதும். மாத வாடகை சுமார் 5 அல்லது 6 டாலர், வரியோடு 500 ரூபாயைத் தாண்டும். அட்டை விவரம் கேட்பார்கள். வாடகையோடு மாதத்துக்கு இவ்வளவு டேட்டா என்ற கணக்கும் இருக்கும். அதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது பெங்களூர் அல்லது மும்பையை எடுங்கள். தொலைவு குறைவு என்பதால் வேகம் அதிகம் குறையாது. வெளிநாட்டுச் சர்வரை எடுத்தால், வெளிநாட்டிலிருந்து யாரோ வருவதாக நினைத்து நம் அரசுத் தளங்கள் சில திறக்க மறுக்கும். வங்கிகளும் சந்தேகப்படலாம்.

'வேறு எங்கும்' என்ற வழியில் போனால் வேலை கொஞ்சம் கூடும். ஏற்கெனவே உங்களிடம் ஒரு லினக்ஸ் சர்வர் இருந்தால், மேலாளர் காட்டும் ஒரு வரிக் கட்டளையை நகலெடுத்து அந்தச் சர்வரின் முனையத்தில் ஒட்ட வேண்டும். அது முடிந்ததும் ஒரு நீண்ட வரி திரையில் வரும். அந்த வரியை அப்படியே நகலெடுத்து மேலாளரில் ஒட்ட வேண்டும். அதில் சர்வரின் முகவரியும் அதன் சான்றிதழின் கைரேகையும் இருக்கின்றன. அந்த வரி வீட்டின் பத்திரம் மாதிரி. யாருக்கும் அனுப்பக் கூடாது. இணைப்பு கிடைக்கவில்லை என்றால் பெரும்பாலும் சர்வரின் ஃபயர்வால் அடைத்திருக்கும். எந்தக் கதவு எண்களைத் திறக்க வேண்டும் என்று நிறுவல் முடிந்ததும் திரையிலேயே காட்டும்.

மூன்றாம் படி, சாவி உருவாக்குவது. மேலாளரில் 'புதிய சாவி' என்ற பொத்தானை அழுத்தினால் ஒரு சாவி பிறக்கும். அதற்கு 'என் கைபேசி', 'வீட்டு மடிக்கணினி' என்று பெயர் வையுங்கள். ஒவ்வொரு கருவிக்கும் தனிச் சாவி இருப்பது நல்லது. கைபேசி தொலைந்தால் அந்த ஒரு சாவியை மட்டும் அழித்துவிடலாம். ஒவ்வொரு சாவிக்கும் 30 நாளைக்கு இத்தனை ஜிபி என்று வரம்பும் வைக்கலாம்.

நான்காம் படி, கைபேசியில் அவுட்லைன் செயலியை நிறுவி, சாவியை ஒட்டி, இணை என்பதை அழுத்துங்கள். விபிஎன் இணைப்புக்கு அனுமதி கேட்கும். உள்ளே ஓடுவது ப்ராக்சிதான் என்றாலும், கைபேசியின் மொத்தப் போக்குவரத்தையும் அதன் வழியே திருப்ப இந்த அனுமதி தேவை.

ஐந்தாம் படி, சோதனை. இணைப்பதற்கு முன் உலாவியில் 'என் ஐபி முகவரி என்ன' என்று தேடி, வரும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இணைத்த பிறகு மறுபடி பாருங்கள். எண் மாறியிருக்கும், அது உங்கள் சர்வரின் முகவரி. இராஜபாளையத்தில் உட்கார்ந்திருக்கும் உங்களைத் தளம் பெங்களூர்க்காரராகப் பார்க்கிறது. மாணவர்களுக்குக் காட்ட இதைவிட நல்ல சோதனை கிடையாது.

சாவியை யாருக்குக் கொடுப்பது?

ஐந்தாறு ஆசிரியர்கள் சேர்ந்து வாடகையைப் பகிர்ந்துகொள்ளலாமே என்று தோன்றும். பகிரலாம். ஆனால் அந்த நிமிடத்திலிருந்து நடுவில் நிற்கும் ஆள் நீங்கள்.

மேலாளரில் ஒவ்வொரு சாவியும் எவ்வளவு டேட்டா பயன்படுத்தியது என்பது தெரியும். எந்தத் தளத்துக்குப் போனார்கள் என்று அது காட்டாது, பதிவும் செய்யாது. அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். ஆனால் சர்வர் உங்களுடையது. அதில் வேறொரு கருவியை நிறுவினால் எந்தெந்தத் தளங்களுக்குப் போக்குவரத்து நடக்கிறது என்பதைப் பார்க்க முடியும். பார்க்க முடியும் என்று தெரிந்துகொண்டும் பார்க்காமல் இருப்பது உங்கள் நேர்மை. இலவச விபிஎன் நடத்துபவரிடம் அந்த நேர்மை இருக்கிறதா என்று நமக்குத் தெரியாது. இதுதான் அந்த மாணவனின் 'ஏன்?' என்ற கேள்விக்குப் பதில்.

இன்னொரு பக்கமும் உண்டு. உங்கள் சாவியை வைத்திருப்பவர் செய்வது எல்லாம் உங்கள் சர்வர் முகவரியிலிருந்துதான் வெளியே போகும். சர்வர் வாடகை உங்கள் பெயரில், உங்கள் அட்டையில் இருக்கிறது. காவல் துறை கேட்டால் நிறுவனம் உங்கள் பெயரைத்தான் சொல்லும். எனவே சாவியை வாட்ஸ்அப் குழுவில் போடக் கூடாது. மாணவர்களுக்குக் கொடுக்கக் கூடாது. வீட்டுச் சாவியை யாருக்குக் கொடுப்பீர்களோ அவருக்கு மட்டும் கொடுங்கள்.

சட்டமும் விதிகளும்

விபிஎன் பயன்படுத்துவதற்கு நாடு தழுவிய தடை இந்தியாவில் இல்லை. ஆனால் பொறுப்பு உண்டு. 2022 ஏப்ரல் 28 அன்று கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன் ஓர் ஆணை வெளியிட்டது. விபிஎன் சேவை விற்பவர்கள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, தொடர்பு எண், ஐபி முகவரி ஆகியவற்றை 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்றது அது. சில வெளிநாட்டு நிறுவனங்கள் அதன் பிறகு தங்கள் சர்வர்களை இந்தியாவிலிருந்து எடுத்துக்கொண்டன. நீங்கள் சொந்தப் பயன்பாட்டுக்கு வைத்திருக்கும் வரை நீங்கள் சேவை விற்பவர் அல்லர். ஊருக்கெல்லாம் சாவி விற்க ஆரம்பித்தால் கதை வேறு.

அதே 2022 ஜூனில் மத்திய அரசு ஊழியர்களுக்கான இணையப் பாதுகாப்பு வழிகாட்டுதல், வெளியார் விபிஎன் சேவைகளைப் பயன்படுத்தக் கூடாது என்றது. நமக்கும் அதிலிருந்து எடுத்துக்கொள்ள ஒரு பாடம் உண்டு. ஹைடெக் லேப் கணினியிலும் பள்ளி அலுவலகக் கணினியிலும் இதை நிறுவ வேண்டாம். அங்கே இணையத்தை வடிகட்டி அனுப்புவது குழந்தைகளின் பாதுகாப்புக்காகச் செய்த ஏற்பாடு. அதைத் தாண்டும் குறுக்கு வழியாக இதைப் பயன்படுத்தினால், நாம் கற்பிப்பதற்கு நாமே எதிராகிறோம்.

எதைச் செய்யாது?

இது உங்களை மாயமாக மறைத்துவிடாது. கூகுள் கணக்கில் உள்நுழைந்தால், எந்த முகவரியிலிருந்து போனாலும் அது நீங்கள்தான் என்று கூகுளுக்குத் தெரியும். போலித் தளத்தில் கடவுச்சொல்லைத் தட்டினால், உங்கள் நேர்மையான தூதுவர் அதைப் பத்திரமாகக் கொண்டுபோய் மோசடிக்காரரிடம் சேர்ப்பார். ஓடிபி கேட்டு வரும் அழைப்பையும் இது தடுக்காது. பணம் போய்விட்டால் உடனே 1930க்கு அழைக்க வேண்டும். அந்த எண்ணை மாணவர்களின் பெற்றோருக்கும் சொல்லிவையுங்கள்.

தினமும் இது எல்லோருக்கும் தேவையா என்றால், தேவையில்லை என்றே சொல்வேன். உங்கள் சொந்த மொபைல் டேட்டாவில், எச்டிடிபிஎஸ் உள்ள தளங்களுக்குப் போகும்போது பெரும்பாலான வேலைகளுக்கு அதுவே போதும். பயிற்சிக்கு வெளியூர் போய் விடுதி வைஃபையிலோ, ரயில் நிலைய வைஃபையிலோ உட்கார்ந்து வேலை பார்க்கும்போது சொந்த ப்ராக்சி நல்ல துணை. அந்த வைஃபையை நடத்துபவருக்கு நீங்கள் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பதுகூடத் தெரியாது. தேவையில்லாத மாதங்களில் சர்வரை அழித்துவிடுங்கள். சும்மா கிடந்தாலும் வாடகை ஓடிக்கொண்டே இருக்கும்.

வகுப்பறைக்கு

கணினி இல்லாத தொடக்கப் பள்ளியிலும் இதைக் கற்பிக்கலாம். ஒரு குழந்தை வீடு, ஒரு குழந்தை கடை. நடுவில் நான்கைந்து பேர் வரிசையாக நிற்கட்டும். முதல் சுற்றில் சீட்டை மடிக்காமல் கைமாற்றிக் கொடுக்கட்டும். வழியில் நிற்பவர்கள் எல்லோரும் படித்துவிடுவார்கள். இரண்டாம் சுற்றில் சீட்டை உறையிலிட்டு மேலே கடையின் பெயரை மட்டும் எழுதட்டும். எந்தக் கடை என்பது மட்டும் வழியில் தெரியும். மூன்றாம் சுற்றில் வரிசைக்கு அப்பால் ஒரு தூதுவரை நிறுத்துங்கள். அந்த உறையை இன்னொரு பெரிய உறைக்குள் வைத்து, மேலே தூதுவரின் பெயரை எழுதட்டும். வரிசையில் நிற்பவர்களுக்குத் தூதுவர் பெயரைத் தவிர எதுவும் தெரியாது. தூதுவர் பெரிய உறையைப் பிரித்து, உள்ளிருக்கும் உறையைக் கடையில் சேர்ப்பார்.

ஆட்டம் முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இப்போது யாருக்கு அதிகம் தெரியும்?" தூதுவரைத்தான் கை காட்டுவார்கள். "அவர் கெட்டவராக இருந்தால்?" என்ற அடுத்த கேள்வியை அவர்களே கேட்பார்கள்.

மேல் வகுப்பு மாணவர்களோடு கைபேசியின் அமைப்புகளில் விபிஎன் என்ற பகுதியையும், விண்டோஸ் கணினியில் ப்ராக்சி என்ற பகுதியையும் திறந்து பாருங்கள். நாம் வைக்காத முகவரியோ, தெரியாத செயலியோ அங்கே இருந்தால் விசாரிக்க வேண்டும். சில தீநிரல்கள் இந்த இடத்தில்தான் புகுந்துகொண்டு போக்குவரத்தைத் தங்கள் பக்கம் திருப்புகின்றன.

வீடு போய்ச் சேர்ந்ததும் சர்வர் வாடகைக்கு எடுக்க வேண்டிய அவசரமில்லை. முதலில் உங்கள் கைபேசியில் அந்த விபிஎன் பட்டியலைத் திறந்து பாருங்கள். அங்கே இருக்கும் ஒவ்வொரு பெயருக்கும், யார் நடத்துகிறார், அவருக்குக் கூலி கொடுப்பது யார் என்று உங்களால் சொல்ல முடிகிறதா பாருங்கள். முடியாத பெயரை இன்றிரவே நீக்கிவிடுங்கள். நாளை காலை வகுப்பில் அதையே மாணவர்களையும் செய்யச் சொல்லுங்கள்.